டிராயிங் பின் குத்திய பியானோ

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பாட்டுதான். “இன்னுமா அது முடியலை?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும்போதெல்லாம் “இப்பதான் ஆரம்பிச்சிருக்கு” என்பேன். பொய்யில்லை. தென்னாப்பிரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் ‘மானன்பர்க்’ 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். முடிந்ததும் விரல் தானாகப் போய் மறுபடி முதலிலிருந்து வைத்துவிடும்.

ஜாஸ் என்றாலே எனக்கு ஆகாது. ஆளாளுக்கு வித்தை காட்டுவார்கள், மெட்டை நாம்தான் தேடிக்கொண்டு அலைய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை இந்த மனுஷன் ஒரே ராத்திரியில் தவிடுபொடியாக்கிவிட்டார்.

தொடக்கத்தைக் கேளுங்கள். பியானோவா அது? ஓரத்தில் தகரத்தைத் தட்டினாற்போல ஒரு கணீர்! 1974-ல் கேப் டவுன் ஸ்டுடியோவில் இருந்த பியானோவின் சுத்திகளில் டிராயிங் பின்களைக் குத்திவிட்டு வாசித்திருக்கிறார். கம்பியில் போய் விழுவது மெத்தென்ற கம்பளி இல்லை, உலோகம். ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் சாராயக் கடைகளில் பழம்பியானோக்கள் அதிர அதிர வாசித்த ‘மராபி’ இசை அந்தச் சத்தத்தோடு வந்து இறங்கிவிடுகிறது. மூன்றே கார்டு (chord), சுற்றிச் சுற்றி அதுவே. என் மகளின் கீபோர்டில் அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். கார்டு வந்தது, பாட்டு வரவில்லை. அவருடைய இடது கை நடக்கிறது. என்னுடையது டைப் அடிக்கிறது!

அதன் மேல் பேசில் கூட்ஸீயின் சாக்ஸபோன் எழும்பும்போது... என்னத்தைச் சொல்ல! இந்தப் பாட்டுக்குப் பிறகு அவரையே ‘மானன்பர்க்’ கூட்ஸீ என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டை வெளியிட்ட ரஷீத் வாலி இந்திய வம்சாவளிக்காரர். ஜோஹன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற தன் இசைத்தட்டுக் கடை வாசலில் ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டார்; இசைத்தட்டு பறந்தது. பறக்காமல் என்ன செய்யும்? கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வெள்ளையர் பகுதி என்று நிறவெறி அரசு 1966-ல் அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வீட்டை இடித்துத் துரத்தியது. அப்படித் துரத்தப்பட்டவர்கள் போய் ஒண்டிய இடங்களில் ஒன்றுதான் மானன்பர்க். பாட்டில் ஒப்பாரியே இல்லை, ஆட்டம்தான் இருக்கிறது. பின்னால் நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களிலெல்லாம் இதுதான் முழங்கியது.

இப்ராஹிம் பிறந்தது 1934-ல், கேப் டவுனில். பாட்டி சர்ச்சில் பியானோ வாசித்தவர். பேரன் 7 வயதில் தொட்டான். அப்போது டாலர் பிராண்ட் என்று பெயர், 1968-ல் இஸ்லாத்தைத் தழுவியபின் அப்துல்லா இப்ராஹிம். ட்ரம்பெட் கலைஞர் ஹ்யூ மசெகேலா போன்றவர்களோடு சேர்ந்து ‘ஜாஸ் எபிசில்ஸ்’ குழுவில் இருந்தார். 1960-ல் போலீஸ் நடத்திய ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு நாட்டில் மூச்சு முட்டியது. 1962-ல் சூரிக் போனார். அடுத்த வருடம் அங்கே வந்த அமெரிக்க ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனை, பின்னாளில் இவருக்கு மனைவியான பாடகி சதிமா பீ பெஞ்சமின்தான் விடாப்பிடியாக இவர் வாசித்த கிளப்புக்குக் கூட்டிவந்தார். எலிங்டன் இருவரையுமே பாரிஸுக்கு அழைத்து ஒலிப்பதிவு செய்தார். இவருடையது உடனே உலகத்துக்கு வந்தது. சதிமாவின் பதிவு 30 வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுவில் ஊர் வந்திருந்தபோதுதான் ‘மானன்பர்க்’ பிறந்தது. மறுபடி வெளியேறியவர், மண்டேலா விடுதலையான 1990-ல் ஊர் திரும்பினார். 1994-ல் மண்டேலா பதவியேற்றபோது வாசித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது 1999-ல் கேப் டவுனில் அவர் தொடங்கிய ‘எம்7’ பள்ளி. இசையோடு தியானம், தற்காப்புக் கலை, உணவு, மருந்து எல்லாமே அங்கே பாடம். அவரே ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பல காலம் பயின்றவர். இசைப் பள்ளியில் இதெல்லாம் எதற்கு என்று முன்பு கேட்டிருப்பேன். கீபோர்டில் தோற்றவனுக்கு இப்போது தெரிகிறது, என் கோளாறு விரலில் இல்லை, மூச்சில்.

2023-ல் லண்டன் பார்பிகனில் பதிவான ‘3’ ஆல்பத்தை நேற்றிரவுதான் கேட்டேன். அப்போது அவருக்கு 88 வயது. டிரம்ஸே கிடையாது, மொத்தம் மூன்றே பேர். ஒரு சுரத்தை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். அடுத்தது வருவதற்குள், ஹெட்போன் ஒயர் கழன்றுவிட்டதோ என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.