கொங்கிறீற்றின் ‘பசுமை’: சில குறிப்புகள்

சுவிற்சர்லாந்தின் டைற்றிங்கனில், நெடுஞ்சாலை எரிபொருள் நிலையமொன்றின் மேல் இரண்டு கொங்கிறீற் ஓடுகள் நிற்கின்றன. பொறியியலாளர் ஹைன்ஸ் இஸ்லர் 1968இல் அமைத்தவை. ஒவ்வொன்றும் மூன்று புள்ளிகளில் மட்டும் ஊன்றி முப்பது மீற்றரளவு தூரத்தைத் தாண்டுகிறது. தடிப்போ பத்துச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஈரத்துணியைத் தொங்கவிட்டு, குளிரில் உறையவைத்து, தலைகீழாகப் புரட்டி இஸ்லர் வடிவம் தேடினார். தொங்கும் துணி இழுவையை மட்டுமே தாங்கும். புரட்டினால் அதே வடிவம் அமுக்கத்தில் நிற்கும். அமுக்கம்தான் கொங்கிறீற்றுக்குக் கைவந்தது.

‘பசுமைக் கொங்கிறீற்’ பற்றிய பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஓடுகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தினுடையது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்தல்ல, சூளையில் பிரியும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த எல்.சி.3 சீமெந்து வெளியேற்றத்தை 40 வீதம்வரை குறைக்கும் என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் வேண்டாத தடிப்பை நல்ல சீமெந்தில் ஊற்றினாலும் அது வேண்டாத தடிப்புத்தான்.

மாடிக் கட்டடங்களில் கொங்கிறீற்றின் பெரும்பங்கு தளங்களில் கிடக்கிறது. தட்டைத் தளம் வளைந்து சுமக்கையில் அதன் கீழ்ப்பகுதி இழுவைக்குள்ளாகிறது. அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. கொங்கிறீற் வெறும் பாரம். 2021இல் டூபென்டோர்வில் திறக்கப்பட்ட ஹைலோ கட்டடத்தில், பிலிப் புளொக் குழுவினர் வளைவான மெல்லிய தளங்களால் 70 வீதத்துக்கு மேல் கொங்கிறீற்றை மிச்சப்படுத்தினர்.

அப்படியாயின் இது ஏன் வழக்கமாகவில்லை? அறிவின்மையால் அல்ல. வளைந்த அச்சுப்பலகைக்கு நிறையக் கைவேலை வேண்டும்; தட்டைத் தளத்துக்குச் சீமெந்து போதும். மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் கண்டேலா 1950களில் கட்டிய அழகிய ஓடுகளும் மலிவான கூலியின் முதுகில் எழுந்தவையே. கூலி உயர அவை அருகின. ஆகவே பழைய சிக்கனத்தை நான் கனவாக்க விரும்பவில்லை. அதன் விலையைத் தொழிலாளி கட்டினான்; இன்றைய வீண்விரயத்தின் விலையைக் காற்று கட்டுகிறது. இரண்டு கணக்கிலும் கட்டுபவன் தப்பிக்கொள்கிறான்.

ஹைலோவின் அச்சுகள் இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடும். ஆனால் அது ஓர் ஆய்வுக்கூடக் கட்டடம். அதைப் பாராட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவில் பழையபடி ஊற்றுவது சுலபம். கட்டட அனுமதி கேட்பவரிடம் சீமெந்தின் பெயரை அல்ல, சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ கொங்கிறீற் என்பதைச் சட்டம் கேட்கவேண்டும். அதுவரை ‘பசுமை’ என்பது விளம்பரப் பலகையின் நிறம் மட்டுமே.