கேஸ் கசியாத ஃபிரிட்ஜ்

குளிர்பதனப் பாடத்துக்குக் கணினி வந்தது நல்லதற்குத்தான். பல பொறியியல் கல்லூரிகளில் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு சோதனைக் கருவி, அதைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கும். கம்ப்ரஸரை ஓடவிட்டு வெப்பநிலைகள் நிலைப்படுவதற்குள் பீரியட் பாதி கரைந்துவிடும். முன்வரிசை எடுக்கும் ரீடிங்கைப் பின்வரிசை காப்பியடிக்கும்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கூல்பேக், இலவசமாகக் கிடைக்கும் கூல்ப்ராப் போன்ற மென்பொருள்கள் அந்தச் சங்கடத்தைத் தீர்க்கின்றன. ஆர்-134ஏ மைனஸ் 10 டிகிரியில் ஆவியாகி 40 டிகிரியில் திரவமாகும் இழப்பில்லாச் சுழற்சிக்குச் செயல்திறன் எண் ஏறத்தாழ 4. ஆவியாகும் வெப்பநிலையை மைனஸ் 20க்கு இறக்கினால் அது 3 ஆகிவிடுகிறது. பத்து டிகிரிக்கு இவ்வளவு விலையா என்று மாணவருக்கு உறைப்பது இங்கேதான். ஆய்வகக் கருவியில் இதைக் காட்ட ஒரு நாள் போதாது.

ஆனால் மாணவர் முதலில் தட்டச்சிடுவதே அந்த இரண்டு வெப்பநிலைகளைத்தான். நிஜ இயந்திரத்தில் அவற்றை யாரும் நேரடியாக நிர்ணயிப்பதில்லை. கம்ப்ரஸரின் இழுவை, கண்டென்சரில் படிந்த தூசு, கேப்பிலரியின் நீளம், உள்ளே இருக்கும் கேஸின் எடை எல்லாம் மல்லுக்கட்டி முடிவில் வந்து நிற்கும் விளைவுகள் அவை. விடையைக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கச் சொல்கிறது மென்பொருள். கேஸ் எத்தனை கிராம் என்று எளிய சுழற்சி மாதிரி கேட்பதே இல்லை.

பெங்களூர் நீலசந்திராவில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு அதுதான் முதல் சந்தேகம். கம்ப்ரஸர் ஓடுகிறது, கூலிங் இல்லை என்று ஃபிரிட்ஜ் வந்தால், ஃப்ரீசர் குழாயின் முதல் வளைவுகளில் மட்டும் பனி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சோப்பு நுரை தடவிக் கசிவைப் பிடித்து அடைத்து, வாக்யூம் போட்டுவிட்டுத்தான் கேஸ் ஏற்றுவார். அவருடைய கேஜ் காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தம். மென்பொருள் தருவது முழு அழுத்தம். மைனஸ் 10 டிகிரியில் ஆர்-134ஏயின் முழு அழுத்தம் 2 பார். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தமே சுமார் 0.9 பார்தான். ஆகவே கேஜில் 1.1 பார், அதாவது 16 பிஎஸ்ஐ. சென்னையில் அதே கேஸ், அதே வெப்பநிலை, 14 சொச்சம். முள் தப்பாகக் காட்டுகிறது என்று பட்டதாரி சொன்னால் மெக்கானிக் சிரிக்கத்தான் செய்வார்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் என்னும் இணைய ஆய்வகம், வசதியில்லாத கல்லூரிகளுக்குப் பெரும் உதவி. 2020 பொதுமுடக்கத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. இணைய ஆய்வகத்தைக் காட்டிக் கருவி வாங்கும் செலவைத் தட்டிக்கழிக்கும் நிர்வாகத்தோடுதான் எனக்குச் சண்டை.

மென்பொருள் முதலில், கருவி பிறகு என்ற வரிசையை மாற்றலாம். ஹை பிரஷர் கட்-அவுட் உள்ள கருவியில் கண்டென்சரின் பாதியை அட்டையால் மறைத்து, அழுத்தம் ஏறுவதை மாணவர் முதலில் குறிக்கட்டும். பிறகு வெப்பமாற்றச் சமன்பாட்டையும் தானே எழுதிச் சேர்த்து, திரவமாகும் வெப்பநிலையைக் கணினி கண்டுபிடிக்கும்படி செய்யட்டும். வரும் எண் கேஜோடு ஒத்துப்போகாது. ஏன் என்று எழுதுவதற்கு மதிப்பெண் போடலாம்.