'ஒருதலைப்பட்சம்' என்று எழுதினால் போதுமா?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் சமூகக் கல்வி 2001-இல் அறிமுகமானது. மாணவர்கள் அதை 'சோஷியல் ஸ்டடீஸ்' என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே எழுதும் பாடமாச்சே, தமிழாசிரியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

முந்தைய பாடத்திட்டத்தில் இலங்கை இனப்பிரச்சினை ஒரு முக்கியப் பகுதி. 1948 குடியுரிமைச் சட்டம், 1956 'சிங்களம் மட்டும்' சட்டம், 1970-களில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல் என்று காரணங்களை மாணவர்கள் கடகடவென ஒப்பிப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு மாணவர் தம் பயிற்சித்தாளை என்னிடம் காட்டினார். 1956 தேர்தல் காலத்துப் பேச்சு ஒன்று சான்றாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் எழுதியிருந்த விடை: "பேசியவர் அரசியல்வாதி, ஒருதலைப்பட்சமானது, நம்ப முடியாது."

"சரி, நம்ப முடியாதுன்னா அதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தாங்க."

இங்கேதான் சிக்கல். அந்தத் தேர்தலில் பண்டாரநாயக்க, 24 மணி நேரத்தில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்குவதாக வாக்குறுதி தந்தார். அது ஒருதலைப்பட்சமான பேச்சுதான். ஆனால் சிங்கள வாக்காளர்களிடம் எந்த வாக்குறுதி எடுபடும் என்று ஒரு தலைவர் கணக்குப் போட்டார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று உண்டா? அந்தச் சட்டம் நியாயமா என்று அறிய அந்தப் பேச்சை நம்ப முடியாது. அது ஏன் வந்தது என்று அறிய அதை விட்டுவிடவும் முடியாது. ஒரே சான்று ஒரு கேள்விக்கு உதவாது, இன்னொரு கேள்விக்கு மிகவும் உதவும். மாணவர் கற்க வேண்டியது இதைத்தான்.

2016-இல் பாடத்திட்டம் மாறியது. குடியுரிமையும் ஆளுகையும், பன்முகச் சமூகத்தில் வாழ்தல், உலகமயமான உலகில் நம் இடம் என மூன்று பொருள்களைச் சுற்றிப் பாடம் அமைந்தது. நல்ல மாற்றம்தான். மொத்தம் 50 மதிப்பெண்ணில் 35, சான்றுகளை ஆராயும் பகுதிக்கே போகிறது. மனப்பாடத்தைவிடச் சிந்தனைக்கு மதிப்பு தரும் ஏற்பாடு இது. ஆனால் நடப்பது என்ன? சிந்தனையையே வாய்பாடாக்கிவிட்டோம். 'நோக்கம்' என்றால் இந்த வாக்கியம், 'நம்பகத்தன்மை' என்றால் அந்த வாக்கியம் என்று அச்சு வார்த்துக் கொடுக்கிறோம். நேரமில்லாத ஆசிரியரையும் பயந்துபோன மாணவரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் இழப்பு பெரியது. எதையும் 'ஒருதலைப்பட்சம்' என்று தள்ளிவிடப் பழகிய பிள்ளை, நாளை வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை எப்படி எடைபோடும்? எல்லாவற்றையும் சந்தேகிக்கும், அல்லது தனக்குப் பிடித்ததை மட்டும் நம்பும்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு சான்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். யார், யாரிடம், எதை எதிர்பார்த்துச் சொல்கிறார்? வேறு எந்தச் சான்று இதை ஆதரிக்கிறது அல்லது மறுக்கிறது? நம்ப முடியாவிட்டாலும் இது எதற்குச் சான்றாகும்? மூன்றாவது கேள்விதான் சாதாரண விடையையும் சிறந்த விடையையும் பிரிக்கும்.

ஆசிரியர்களே, இதைத் தமிழ் வகுப்பிலும் செய்யலாம். ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு செய்தித்தாள்களில் வந்த செய்திகளைக் கொடுத்து, எது எதை விட்டிருக்கிறது என்று பேசவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். பிள்ளை எந்த மொழியில் யோசிக்கக் கற்றாலும் அது எல்லாப் பாடத்துக்கும் உதவும்.