குவேக்கர் உயில்களும் பாதி வாசிப்பும்

பதினேழாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிலோ மேற்கு ஜெர்சியிலோ நிலம் வாங்கிக் குடியேறிய முன்னோரைத் தேடும் அமெரிக்கர்கள், அவர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு நியாயம் இருக்கிறது. பென்சில்வேனியா, மாநிலம் முழுவதற்குமாகப் பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1906இல்தான். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே குவேக்கர்களின் உள்ளூர்ச் சபைகளான மாதக் கூட்டங்கள் தம் உறுப்பினர்களின் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் ஏட்டில் எழுதிவந்தன. மணம் செய்துகொள்ள விரும்பும் இருவர் அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் எழுந்து அதை அறிவிக்க வேண்டும். அவர்கள் வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று இடைப்பட்ட காலத்தில் விசாரிப்பார்கள். பாதிரியார் இல்லாமல் நடக்கும் அந்தத் திருமணத்தின் சான்றிதழில் வந்திருந்தவர்கள் சாட்சிகளாகக் கையெழுத்திடுவார்கள். ஊர் மாறினால் பழைய கூட்டம் புதிய கூட்டத்துக்கு நற்சான்றுக் கடிதம் எழுதும். வெளியாளை மணந்தால் விலக்கிவைப்பார்கள்; அதுவும் ஏட்டில் ஏறும். இதோடு நில ஆவணங்களும் சேருகின்றன. 1681இல் அரசரிடம் சாசனம் பெற்ற வில்லியம் பென், 5000 ஏக்கர் 100 பவுன் என்ற விலையில் நிலம் விற்றார். அப்படி முதலில் வாங்கியவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. ஒரு வேல்ஸ் விவசாயியின் குடும்பத்தை அவருடைய ஊரிலிருந்து பென்சில்வேனியாவின் மெரியன் வரைக்கும் விடாமல் பின்தொடர முடிகிறதென்றால் இந்த ஏடுகளே காரணம்.

ஆனால் இந்த ஏடுகளை எழுதியவர்கள் வம்சாவளி எழுதவில்லை. மாதக் கூட்டம் தன் உறுப்பினர்களின் ஒழுக்கத்தைக் காக்க எழுதியது. நீதிமன்றம் சொத்து சிக்கலின்றிக் கைமாற வேண்டுமென்று உயிலைப் பதிந்தது. இதை மறந்து வாசிப்பவர்கள் எளிதில் வழுக்கி விழுகிறார்கள். உயிலில் மூத்த மகனின் பெயர் இல்லை என்றால் அப்படி ஒரு மகனே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். தந்தை உயிரோடிருந்தபோதே அவனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து அப்பனுக்கும் மகனுக்கும் பகை என்று கதை கட்டுகிறார்கள். பெரும்பாலும் அவன் பங்கை முன்பே வாங்கியிருப்பான். பிறகு மறந்துவிட்டார் என்று வழக்குப் போட இடம் தராமலிருக்கவே அந்த ஷில்லிங். உயில் குறிப்பிடும் மனைவி, அதே உயில் குறிப்பிடும் பிள்ளைகளைப் பெற்றவளாக இருக்க வேண்டியதில்லை. வேல்ஸ் குடும்பங்களில் தந்தையின் முதற்பெயரே பிள்ளையின் பின்பெயரானதால் ஜான் என்பவரின் பிள்ளைகள் ஜோன்ஸ் ஆகிவிடுவார்கள். தேதிகளிலும் கவனம் வேண்டும். கிழமை, மாதப் பெயர்களில் பழைய தெய்வங்களின் பெயர் ஒட்டியிருந்ததால் குவேக்கர்கள் எண்களையே எழுதினார்கள். 1752இல் நாட்காட்டி மாறும்வரை அவர்களுடைய முதல் மாதம் மார்ச். அதை ஜனவரி என்று படித்தால் குழந்தை பெற்றோரின் மணத்துக்கு முன்பே பிறந்துவிடக்கூடும்.

இவையெல்லாம் பயிற்சியால் திருத்திக்கொள்ளக் கூடியவை. வேண்டுமென்றே செய்த மோசடிகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதி விற்ற குஸ்தாவ் அஞ்சூ, உண்மையான உயில்களுக்கு நடுவே தானே புனைந்த பிறப்புப் பதிவுகளைச் செருகினார். உயில் மெய் என்பதால் மற்றதையும் வாங்கியவர்கள் நம்பினார்கள். அவர் கட்டிய பொய் உறவுகளை இன்றும் பல குடும்ப மரங்களில் காணலாம்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தேடலின் பெரிய குறை, உயிலைத் தனக்கு வேண்டிய பெயர்களுக்காக மட்டும் திறப்பது. மேலே சொன்ன பிழைகளின் வேரும் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. வில்லியம் வேட் ஹின்ஷா 1936 முதல் வெளிக்கொணர்ந்த அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியம், சிதறிக் கிடந்த மாதக் கூட்ட ஏடுகளை எல்லோரும் எட்டிப் பிடிக்கச் செய்த பெரும் உழைப்பு. ஆனால் அது சுருக்கக் குறியீடுகளாலான தொகுப்பு. பெயரும் தேதியும் நிற்கும், கூட்டத்தில் நடந்த வாதம் நிற்காது. உயில் சுருக்கங்களும் அப்படித்தான். வாரிசுகள், நிறைவேற்றுநர், சாட்சிகள் ஆகியோரைத் தந்துவிட்டு அத்துடன் நின்றுவிடுவது வழக்கம். உயிலோடு இணைந்த உடைமைப் பட்டியலைப் புரட்டினால்தான் பண்ணையில் இருந்த மற்றவர்கள் தெரிகிறார்கள். இன்னும் சில ஆண்டு உழைத்துத் தீர்க்க வேண்டிய ஒப்பந்த வேலையாள், அவனுடைய மீதிக் காலத்துக்கு ஒரு விலை. மாடுகளுக்கும் கட்டில்களுக்கும் இடையே அடிமைப்பட்ட ஒரு பெண், அவளுக்கும் ஒரு விலை.

வில்லியம் பென்னின் உயில்களே இதற்குச் சான்று. 1701இல் எழுதிய உயிலில் தன் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகவும், சாம் என்ற முதியவருக்கு 100 ஏக்கர் தருவதாகவும் அவர் சொல்லியிருந்தார். 1712இல் எழுதிய இறுதி உயிலில் அந்தப் பேச்சே இல்லை. முதல் உயிலை மட்டும் படித்தவருக்கு பென் விடுதலையாளர். இரண்டாவதை மட்டும் படித்தவருக்கு அவர் பெரும் நிலக்கிழார் மட்டுமே. இரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்குத்தான் சாமுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி எழும். ஜான் வுல்மன் என்ற குவேக்கர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி இதைவிட நெருக்கமானது. நோயுற்ற அண்டைவீட்டுக்காரர் உயில் எழுதித் தரக் கேட்டார். அடிமைப் பெண்ணைப் பிள்ளைக்குக் கொடுக்கும் பகுதியை மட்டும் எழுதாமல் விட்டு வுல்மன் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். இருவரும் பேசிய பிறகு, அவளை விடுவிக்க அவர் இசைந்தார். வுல்மன் குறித்து வைத்திராவிட்டால் அந்த வாதத்தின் சுவடே இராது. உயிலில் மிஞ்சியிருப்பது விடுதலையைச் சொல்லும் ஒரு வாக்கியமாகத்தான் இருக்கும்.

வம்சம் தேடுபவருக்கு இதெல்லாம் எதற்கு, இது வரலாற்றாசிரியர் வேலை என்று சிலர் மறுக்கக்கூடும். வம்சத்துக்கே இது வேண்டும். மணமான பெண்கள் பொதுவாக உயில் எழுத முடியாத காலம் அது. மகள் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது பல உயில்களில் இராது. தந்தையின் உயில் அவளுக்கென்று பெயர் சொல்லிக் கொடுத்த அடிமைப் பெண், இருபது ஆண்டு கழித்து வேறொரு குடும்பத்தின் உடைமைப் பட்டியலில் தென்பட்டால், அந்த மகள் புகுந்த வீட்டுக்கு அது ஒரு தடயம். பதிவேட்டில் திருமணம் கிடைக்காத இடத்தில் இந்தத் தடயமே வழிகாட்டக்கூடும். தன் இரத்த உறவு அல்ல என்று அவள் பெயரைத் தள்ளிவிட்டவர், தன் முன்னோரையே தள்ளிவிட்டிருக்கலாம்.

அந்தக் காலத்தவரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்ற கேள்வி இன்னும் அடிக்கடி வருகிறது. அளவுகோல் அவர்களிடமே இருந்தது. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் பாஸ்டோரியஸ் என்பவரும் வேறு மூவரும் அடிமை வாணிபத்துக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டுத் தம் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். மேல் கூட்டங்கள் அதை ஒதுக்கிவைத்தன. அடிமை வைத்திருப்பவர்களைத் தாக்கிப் புத்தகம் எழுதிய பெஞ்சமின் லேயை 1738இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் நிராகரித்தது. அதே ஆண்டுக் கூட்டம் 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுக்கும் உறுப்பினர்களை விலக்கத் தீர்மானித்தது. ஆகவே ஒரு நிலக்கிழார் 1730இல் என்ன செய்தார் என்று கேட்பது அவருடைய அண்டைவீட்டார் கேட்ட கேள்விதான். எல்லாக் குவேக்கர்களும் அடிமை வைத்திருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை, பலர் வைத்திருக்கவில்லை. அதைச் சொல்வதற்கும் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் ஒன்று. பத்திரத் தொடர்ச்சியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பென் குடும்பத்தின் கிரயத்தோடு நின்றுவிடுகிறார்கள். டெலவேர் ஆற்றின் மேற்குக் கரையில் 1737 ‘நடைக் கிரய’த்தால் பிடித்த நிலமானால், அதற்கு முந்தைய உடைமையாளர் லெனாப்பே என்ற பூர்வகுடி மக்கள். ஒன்றரை நாளில் ஓர் ஆள் நடக்கும் தூரம் என்று பேசிவிட்டு, வழியைச் செப்பனிட்டு, விரைந்து போகக்கூடியவர்களைக் கூலிக்கு அமர்த்தி லெனாப்பே மக்களை ஏமாற்றினார்கள். குடும்ப வரலாற்றில் அந்த ஏமாற்றுக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும்.

முழு வாசிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுவே முதன்மையானது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அடிமைப்பட்டிருந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் எல்லோரையும் போலப் பெயர் சொல்லி எழுதத் தொடங்கியது 1870இல். அதற்கு முன் அவர்கள் வழித்தோன்றல்களுக்குக் கிடைப்பவற்றில் முக்கியமானவை, எசமானர்களின் உயில்களும் உடைமைப் பட்டியல்களும் குவேக்கர்கள் எழுதிய விடுதலைப் பத்திரங்களுமே. அந்தப் பத்திரங்கள் பெயரும் வயதும் சொல்கின்றன. எந்தப் பிள்ளை எந்த வயதில் விடுதலை பெறும் என்றுகூடச் சொல்கின்றன. எசமானரின் கொள்ளுப் பேரர் எடுத்த சுருக்கத்தில் அந்தப் பெயர்கள் விட்டுப்போனால், தேடி வரும் இன்னொரு குடும்பத்துக்கு வழி அடைபடுகிறது. அச்சுச் செலவுக்காகப் பக்கத்தைக் குறைக்க வேண்டிய காலம் போய்விட்டது. உயில் ஏடுகளின் படங்களே பல இடங்களில் இணையத்தில் கிடைக்கின்றன. ஆகவே குடும்ப மரத்தை வெளியிடுகிறவர், தான் மேற்கோள் காட்டும் ஒவ்வோர் உயிலிலும் பட்டியலிலும் இருக்கும் எல்லாப் பெயர்களையும், விலை குறித்த பெயர்களையும் சேர்த்து, எழுதித் தர வேண்டும்.