பெயருக்கு என்ன விலை?

கோர்ட்டுத் தீர்ப்பை இலக்கியமாகப் படிக்க முடியுமா என்று கேட்டால், சில தீர்ப்புகளை முடியும் என்பதுதான் என் அபிப்பிராயம். 1990-ல் லண்டன் ஹைகோர்ட்டில் நீதிபதி ஆட்டன் அளித்த தீர்ப்பு அப்படிப்பட்டது. கொலை இல்லை, பாகப்பிரிவினை இல்லை. ஒரு பழைய காரைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் நல்ல நாவல் ஒன்றில் எழ வேண்டிய கேள்வி அதில் எழுகிறது: இது அதுதானா?

கார், 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் ஸிக்ஸ். பிரான்ஸில் லெ மான் என்ற இடத்தில் இருபத்துநான்கு மணி நேரம் ஓயாமல் நடக்கும் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் முதலாவதாக வந்தது. இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பார்னாட்டோ. 1932-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்து போனார். பிறகு கார் செப்பனிடப்பட்டது, கை மாறியது, உருவமும் மாறியது. 1990 ஏப்ரலில் ஒரு கம்பெனி அதை ஒரு கோடிப் பவுனுக்குப் பேசி முடித்தது. முடித்த பிறகு, "இது அந்தக் காரே அல்ல" என்று பணம் தர மறுத்தது. விற்றவர் கோர்ட்டுக்குப் போனார்.

கம்பெனியின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1929-ல் ஜயித்த காரிலிருந்து மிச்சம் என்று நிச்சயமாகக் காட்டக் கூடியது ஒன்றும் இல்லை. 1930-ன் காரிலிருந்து கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு, பெடல் தண்டு, அவ்வளவுதான். சாஸியும் எட்டு லிட்டர் என்ஜினும் 1932-ஐச் சேர்ந்தவை. பிடியை மூன்று தடவையும் தகட்டை இரண்டு தடவையும் மாற்றிவிட்டு, 'என் பாட்டனார் அரிவாள்' என்று காட்டுகிறவனைப் போலத்தானே இது?

இல்லை என்றார் நீதிபதி. பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கார் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு புதுப் பாகமும் பழையவற்றோடு கலந்து ஒன்றாகிவிட்டது. எந்தக் கட்டத்திலும் அதன் அடையாளம் அறுந்து போகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு கார் உலகத்தில் இல்லை. விலைக்கு வந்தது இரும்பு மட்டுமல்ல, சரித்திரமும் கீர்த்தியும் என்று அவர் கண்டார். தொழிற்சாலையிலிருந்து வந்த ஆதி கார் இது இல்லை. ஆனால் உண்மையான 'ஓல்ட் நம்பர் ஒன்' இதுதான் என்று முடிவு செய்தார். 'அசல்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் வழங்கிவிடுகிறோம். அவர் பிரித்துப் பார்த்தார்.

நாவல் எழுதுகிறவனுக்கு இது சொந்த ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கிறது. முதல் அத்தியாயத்துப் பையன் கடைசி அத்தியாயத்துக் கிழவனிடம் உடம்பளவில் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. ஆனாலும் அவன்தான் இவன் என்று வாசகன் ஏற்றுக்கொள்கிறான். நடுவில் ஏடு கிழியாமல் இருந்தால் போதும்.

ஆனால் தீர்ப்பை ரசித்துவிட்டு அப்படியே கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது பெயரை நிச்சயித்தது, விலையை நிச்சயிக்கவில்லை. ஒரு கோடிப் பவுனில் இரும்புக்கு எவ்வளவு, கீர்த்திக்கு எவ்வளவு என்று யாரும் கோர்ட்டைக் கேட்கவும் இல்லை. 1980-களின் கடைசியில் வெறி பிடித்தாற்போல் ஏறிய பழைய கார்களின் விலை, 1990-ல் சரியத் தொடங்கியது. எந்தக் காரிலும் ஓர் ஆணி கூட மாறியிருக்காது. இன்னொன்று: டன்ஃபீயின் மரணமும் அந்தச் சரித்திரத்தில் சேர்ந்துதான் விலைக்கு வந்தது. அதைத் தராசில் எந்தப் பக்கம் வைப்பது?

வாங்குகிறவன் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். நகைக் கடையில் கற்றுக்கொண்ட பாடம் இதற்கும் உதவும். தங்கத்துக்கு விலை உண்டு. கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. காரைப் புதுப்பித்தவர் நீட்டும் ரசீதுக் கட்டு அவர் செலவைத்தான் காட்டும், காரின் மதிப்பை அல்ல. பளபளப்பைக் கண்டு மயங்காமல் ஒரு காந்தத் துண்டை எடுத்துப் போக வேண்டும். இரும்புத் தகட்டில் ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறது என்று அர்த்தம். சாஸி நம்பரும் என்ஜின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா, வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டா என்று கேட்க வேண்டும். கடைசியில், 'இந்தப் பெயர் இதற்கு இல்லாவிட்டால் என்ன கொடுப்பேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு காசும் கதைக்கான விலை. அந்தக் கதைக்குக் காகிதச் சாட்சி வேண்டும்.

ஓடிப் பிழைத்த காலத்தில் மாறிய பாகம் காரின் ஆயுளைச் சேர்ந்தது. விற்பதற்காக மாற்றிய பாகம் வெறும் அலங்காரம். நியாய விலை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணாது என்பது என் கட்சி.

சாட்சி இல்லாத கதைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒருவர் காட்டியிருக்கிறார். சுபோத் கோஷின் வங்காளிக் கதையை வைத்து ரித்விக் கட்டக் 1958-ல் எடுத்த 'அஜாந்த்ரிக்' படத்தில், பிமல் என்ற டாக்ஸி டிரைவர் ஓட்டை உடைசலான ஒரு பழைய செவர்லே காரை உயிருள்ள துணையாகவே நினைக்கிறான். இருக்கிற பணத்தையெல்லாம் போட்டுப் பழுது பார்க்கிறான். கடைசியில் அது பழைய இரும்பாக வண்டியில் ஏறிப் போகிறது. அதற்கும் அறுந்து போகாத சரித்திரம் இருந்தது. ஒரே ஒரு மனிதனுக்குத்தான் அது தெரியும். லெ மான் கார் கோடியைத் தொட்டதற்கும் பிமலின் கார் எடைக்குப் போனதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், எனக்குத் தெரிந்தவரை, இரும்பில் இல்லை. கதை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது.