சட்டமாவதற்கு முன்னும் பின்னும்

சென்னையில் மசோதா என்று வழங்குவதைக் கொழும்பில் சட்டமூலம் என்கிறோம். முன்னது அரபு மொழியிலிருந்து வந்து, அடித்தும் திருத்தியும் எழுதுகிற வரைவு என்னும் பொருளைத் தன்னுள் வைத்திருப்பது. பின்னது, சட்டத்துக்கு முதலாய் நிற்பது தானே என்று பெயரிலேயே சொல்லிவிடுவது. இரண்டும் மூன்று வாசிப்புகளைக் கடந்தாக வேண்டும். இலங்கைப் பாராளுமன்றத் தமிழில் அவற்றுக்கு மதிப்பீடு என்று பெயர். டில்லியில் மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரண்டின் சம்மதமும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும் என்பதும், இலங்கையில் 225 அங்கத்தவர் கொண்ட ஒரே சபை நிறைவேற்றியதன்மேல் சபாநாயகர் தம் சான்றுரையைப் பொறித்த அளவிலேயே அது சட்டமாகிவிடும் என்பதும் வேற்றுமைகள்தாம்; ஆயினும் அவை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஒரே சம்பிரதாயத்தின் இரு கிளைகள். ஆழமான வேற்றுமை வேறோரிடத்தில் இருக்கிறது. சபையில் ஆசனமில்லாத ஒரு சாமானியப் பிரஜை எந்தக் கட்டத்தில் எழுந்து நின்று, இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று முறையிடலாம் என்பதே அது.

இலங்கையில் அந்தப் பிரஜைக்குரிய வாசல், சட்டம் பிறப்பதற்கு முன்னரே திறக்கிறது. சட்டமூலம் முதற்கண் வர்த்தமானியில் பிரசுரமாக வேண்டும். அதன்பின் குறித்த சில நாட்கள் கழிந்தே பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஏழு நாள் என்று வைத்ததை 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் பதினான்காக்கிற்று. 2020இல் இருபதாம் திருத்தம் அதனை மறுபடியும் ஏழாகக் குறைத்தது. ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாள் தொடங்கி, விதித்த சிறு அவகாசத்துக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். சட்டமூலம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழிகளிலும் அச்சாகிறது. ஆனால் மூலங்கள் முரண்படுமிடத்துச் சிங்கள வாசகமே மேலோங்கும் என்பது விதியாதலால், தமிழ்ப் படியை மாத்திரம் படித்துவிட்டு மனு எழுத முற்படுவோன், தான் எதிர்க்கும் சொல் சிங்களத்திலும் அப்பொருளிலேயே நிற்கிறதா என்று வாசகம் வாசகமாக, விரல் வைத்து ஒப்புநோக்க வேண்டியவனாகிறான். அந்த ஒப்புநோக்கலுக்குள்ளேயே நாட்கள் கரைந்துவிடும்.

இவ்வளவு குறுகிய வாசலாயினும் அதன் வலிமை சாமானியமானதன்று. மூன்றில் இரண்டு பெரும்பான்மை, அதாவது 150 வாக்கு, வேண்டும் என்றும், சிலவற்றுக்கு அதனோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்ல முடியும். இன்ன பிரிவை இன்னபடி குழுநிலையில் திருத்தினால் தடையில்லை என்றும் சொல்ல முடியும். ஆனால் சபாநாயகர் கையொப்பமிட்ட கணத்தில் வாசல் அடைபட்டுவிடுகிறது. அதற்குப்பின் எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியை விசாரிக்கலாகாது என்பது 80ஆம் உறுப்புரையின் கட்டளை.

இந்தியாவில் நேர்மாறு. மசோதா நிலையில் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கே உண்டு. கேரளக் கல்வி மசோதா அவ்வாறு அனுப்பப்பட்டு, 1958இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. பிரஜையோ சட்டம் பிறக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். பிறந்தபின் அவனுக்குக் காலவரம்பு இல்லை. இதன் இலாப நஷ்டத்தைக் காட்ட, இணையத்தில் எழுதுவோரைக் கட்டுப்படுத்த இரு நாடுகளும் இயற்றிய சட்டங்களே போதும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு 2008 டிசம்பரில், விவாதமென்று சொல்லத்தக்க விவாதமின்றி நிறைவேறிற்று. முகநூலில் எழுதிய ஓரிரு வரிகளுக்காக 2012இல் மும்பைக்கு அருகே பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முற்றாக நீக்கியது. நீதி கிடைத்தது, ஆறு ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து. இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023இலேயே நீதிமன்றத்தின் பரிசோதனைக்கு வந்தது. பல பிரிவுகள் திருத்தப்பட வேண்டுமென்று தீர்மானமும் வந்தது. 2024 ஜனவரி 24ஆம் நாள் 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியபோது, சொல்லப்பட்ட திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் சபாநாயகர் பெப்ரவரி முதல் நாள் கையொப்பமிட்டுவிட்டார். பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கை விசாரணைக்கு எடுக்க நீதிமன்றம் இசையவில்லை.

முன்வாசலின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. தீங்கு நிகழுமுன் தடுப்பது தீங்கடைந்தோரை நிவாரணத்துக்காகக் காக்கவைப்பதினும் மேலானது என்பதே என் திடமான எண்ணம். ஆனால் அந்த வாசலைப் பின்வாசலுக்கு ஈடாக வைக்க இயலாது. ஏனெனில் ஒரு சட்டம் யாரை எவ்விதம் நலியும் என்பது, அது ஒருவனுடைய வாழ்வில் வந்து தொட்ட பின்னரே முழுவதும் தெரியவரும். இலங்கையிலும் பின்வாசல் ஒருகாலத்தில் இருந்தது. 1972 வரை நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மாத்திரம் குறையுண்டாக்கும் சட்டத்தைத் தடுத்தது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன், சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் சம்பள உயர்வு நிறுத்தப்பட, 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்தப் பிரிவுக்கு முரணானது என்று வழக்காடினார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தடையை நீக்கி, மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலவினாவை மறுபடியும் இலங்கைக்கே அனுப்பியது. 1972இல் புதிய யாப்பு வந்து, நிறைவேறிய சட்டங்களை நீதிமன்றங்கள் ஆராய்வதைத் தடுத்தது. கேகாலையில் ஓர் எழுதுவினைஞர் கேட்ட அந்த வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை சொல்லவேயில்லை.