காசு வாங்காத சாப்பாட்டுக்கடை

ஜேர்மன் நகரங்களில் சில சிறிய சாப்பாட்டுக்கடைகளின் கதவுகளில் 'அட்டை மட்டும்' என்ற அறிவித்தல் தொங்குகிறது. உள்ளே கல்லாவும் இல்லை, வந்தவரிடம் கேட்டு எழுதுபவரும் இல்லை. திரையில் படத்தைத் தொட்டு, வங்கி அட்டையைக் காட்டி, இலக்கம் வந்ததும் தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் சிலர் இதனை வரவேற்கின்றனர். திரை எமது நிறத்தைப் பார்ப்பதில்லை, உச்சரிப்பைக் கேட்டு முகம் சுழிப்பதில்லை என்பது அவர்களது வாதம். அவமதிப்பை அனுபவித்தவர்களின் வாதம் இது. இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் அது பாதியைத்தான் பார்க்கிறது.

இயந்திரம் சாப்பாடு போடுவது புதினமல்ல. 1895இல் பெர்லினிலும் 1902இல் பிலடெல்பியாவிலும் தானியங்கி உணவகங்கள் திறக்கப்பட்டன. நாணயத்தைப் போட்டால் உணவு வெளியே வரும். அதை நிரப்பும் தொழிலாளர் சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பர். உழைப்பை மறைப்பதில் இன்றைய திரை அதன் வாரிசே. ஐரோப்பியச் சமையலறைகளில் கோப்பை கழுவிய எமக்கு அந்தச் சுவரின் மறுபக்கம் தெரியும். ஆனால் அந்த இயந்திரம் எவருடைய நாணயத்தையும் விழுங்கியது. பெயர், விலாசம், விசா எதையும் கேட்கவில்லை. அட்டைக்குப் பின்னாலோ வங்கியும் பதிவும் நிற்கின்றன.

இங்குதான் அரசியல் தொடங்குகிறது. 1993ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டம், அகதி விண்ணப்பதாரருக்குக் காசுக்குப் பதிலாகப் பொருளாகக் கொடுப்பதை முதன்மைப்படுத்தியது. கூப்பனுடன் கடை வரிசையில் நின்றவர்கள் அதனை மறந்திருக்கமாட்டார்கள். 2024இல் அதே சட்டத்தில் கொடுப்பனவு அட்டை சேர்க்கப்பட்டது. பல மாநிலங்களில் அதிலிருந்து மாதம் 50 யூரோவை மட்டுமே காசாக எடுக்கலாம். விரும்பிக் காசைக் கைவிடுபவருக்கு அட்டை வசதி. காசு மறுக்கப்பட்டவருக்கு அது கண்காணிப்பு. காசு வாங்காத கடைகள் பெருகப் பெருக, அகதியின் கையிற் காசு கொடுக்காமை ஒரு தண்டனையாகவே தெரியாமற் போகும். 'எல்லோரும் அட்டையில்தானே வாழ்கிறோம்' என்று அதிகாரி சொல்லிவிடலாம்.

சட்டமும் கடைக்காரரின் பக்கமே. யூரோத் தாள் சட்டபூர்வமான பணம்; ஆயினும் முன்கூட்டியே அறிவித்தால் கடைக்காரர் அதனை மறுக்கலாம். நோர்வேயோ 2024 ஒக்ரோபர் 1 முதல், கடைகளில் காசாகச் செலுத்தும் உரிமையைச் சட்டத்தால் வலுப்படுத்தியுள்ளது. ஜேர்மனியிலும் அதனைக் கோரலாம்.

திரை இருக்கட்டும். பக்கத்தில் காசு வாங்க ஒரு மனிதரும் இருக்கவேண்டும். இதனைப் பழமைவாதம் என்று ஒதுக்கும் நண்பர்கள், அந்த 50 யூரோ பற்றித் தமது கருத்து என்னவென்பதையும் எழுதவேண்டும்.